அடுக்குப் பொருள்களில் வெப்பத் தகைவு: எல்லையில் எதைத் தடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே பொருளாலான தகட்டைச் சீராகச் சூடாக்கி, எதனுடனும் பிணைக்காமல் விட்டுவிட்டால், அது விரியுமே தவிர அதனுள் தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை) எதுவும் தோன்றாது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு பொருள்களை ஒட்டிய தகட்டின் நிலை வேறு. ஓர் அடுக்கு மற்றதை இழுத்தோ நெருக்கியோ பிடிப்பதால், வெளியிலிருந்து எந்த விசையும் இல்லாமலேயே உள்ளே தகைவு உண்டாகிறது, தகடும் வளைகிறது. இதைக் கணினியில் கணக்கிடுபவர் எல்லை நிபந்தனைகளை, அதாவது மாதிரியின் எந்தப் பகுதி எத்திசையில் அசையக் கூடாது என்பதை, தேரும்போது, உண்மையில் தடையில்லாத அசைவு எதையும் மாதிரியில் தடுத்துவிடக் கூடாது.

தலா 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகும் அலுமினியமும் ஒட்டிய, 100 மில்லிமீட்டர் நீளப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு எஃகு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கும், அலுமினியம் 23 பங்கும் விரியும். 1925-இல் பொறியியல் அறிஞர் திமோஷென்கோ ஈருலோகப் பட்டைகளுக்கு வகுத்த சமன்பாட்டின்படி, 100 டிகிரி சூடேற்றினால், ஒரு முனையைப் பிடித்திருக்க மறுமுனை ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர் விலகும். இப்பட்டையின் எஃகு அடிப்பரப்பு முழுவதையும் எல்லாத் திசைகளிலும் அசையாமல் கட்டிவிட்டால் (மென்பொருளில் ஒரே சொடுக்கில் முடிகிற வேலை என்பதால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள்) அந்த வளைவு முற்றிலும் மறைந்துவிடும். எஃகு தன் இயல்பான விரிவையும் இழப்பதால், நீளவாக்குத் தடை மட்டுமே 240 மெகாபாஸ்கல் அளவுக்கு உண்மையில் இல்லாத அமுக்கத் தகைவைக் காட்டும். அகலவாக்குத் தடையும் சேரும்போது அது இன்னும் கூடும்.

எதிலும் பொருத்தப்படாத பொருளுக்கு ஆறு தடைகள் போதும். ஒரு கணுவை (கணினி மாதிரியின் கணக்கீட்டுப் புள்ளியை) மூன்று திசைகளிலும், இரண்டாவதை இரண்டு திசைகளிலும், அவற்றோடு ஒரே கோட்டில் அமையாத மூன்றாவதை ஒரு திசையிலும் பிடித்தால், மாதிரி மிதக்கவும் சுழலவும் முடியாது. விரியவும் வளையவும் தடையிராது. திசைகளைச் சரியாகத் தேர்ந்திருந்தால் அந்தக் கணுக்களின் எதிர்விசை பூச்சியமாக இருக்கும். இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்றும் உண்டு: எல்லா அடுக்குகளுக்கும் ஒரே விரிவுக் குணகத்தை (ஒரு டிகிரிக்கு விரியும் பங்கை) கொடுத்து, மாதிரியைச் சீராகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். எங்கேனும் தகைவு தெரிந்தால், அது எல்லை நிபந்தனை உண்டாக்கிய தகைவே.

இருபரிமாணக் குறுக்குவெட்டில் தளத்திரிபு நிலையைத் தேர்ந்தவர்கள் இந்தச் சோதனையில் உடனே சிக்குவார்கள், ஏனெனில் அந்தத் தேர்வு வெட்டுக்குச் செங்குத்தான விரிவை முழுவதும் அடக்கிவிடுகிறது. சமச்சீரைப் பயன்படுத்திக் கால்பகுதியை மட்டும் கணக்கிடுவது நல்ல சிக்கனம்தான்; ஆனால் சமச்சீர்த் தளங்களின் மேல் மட்டுமே, அந்தந்தத் தளத்துக்குச் செங்குத்தான அசைவைத் தடுக்க வேண்டும், வெளி விளிம்புகளைக் கட்டாமல் விட வேண்டும். பெரிய பலகையிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டாக இருந்தால், எதிரெதிர் முகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மீள்வரு (periodic) நிபந்தனையே பொருந்தும்.

எந்த வெப்பநிலையில் தகைவு பூச்சியம் என்பதையும் இவற்றோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். 180 டிகிரியில் இறுகும் பிசினால் ஒட்டிய அடுக்குகள் 80 டிகிரியில் இயங்கும்போது, அவை உண்மையில் 100 டிகிரி குளிர்ந்திருக்கின்றன. அறையின் 20 டிகிரியைத் தொடக்கமாக வைத்தால், கணினி அதே நிலையை 60 டிகிரி சூடேறியதாகக் கொண்டு, இழுவை இருக்கும் அடுக்கில் அமுக்கத்தைக் காட்டும்.