பழைய ஜீப்: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. எங்கே தொடங்குவது, எதுவரை போகலாம் என்பதில்தான் குழப்பம். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் சிஜே3பி என்ற மாடலைப் பற்றி. பெயர் தெரியாவிட்டாலும் வண்டி உங்களுக்குத் தெரிந்ததுதான். உயர்ந்து நிற்கும் பானெட், முகப்பில் ஏழு கீற்று, இரண்டு பக்கமும் வட்ட விளக்கு. அரசு அலுவலக வாசல்களிலும் மலைத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் நின்ற அதே ஜீப்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் எதை மாற்றினாலும், ஸ்பேனரை வைத்து அதைக் கழற்றிப் பழையதைத் திரும்பப் பூட்ட முடிகிற மாதிரி மாற்றுங்கள். செஸ்ஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டுவது, பாடியை நீட்டுவது, சம்பந்தமில்லாத எஞ்சினை வெல்டிங் வைத்து உட்கார வைப்பது, இதெல்லாம் வேண்டாம். நல்ல ஜீப்புகள் பல இப்படித்தான் உருத்தெரியாமல் போயிருக்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

இந்த வண்டியின் அடிப்படை இரண்டாம் உலகப் போருக்காக 1940-ல் அமெரிக்காவில் வரையப்பட்டது. வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. போர் முடிந்ததும் வில்லிஸ் அதையே பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 1953-ல் சிஜே3பி வந்தது. புது எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வு மேலே உள்ள ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வு கீழே உள்ள பிளாக்கிலும் இருந்தன. அதனால் எஞ்சின் உயரம் கூடியது. அதை மூடத்தான் பானெட்டை உயர்த்தினார்கள். டொலிடோ நகரத் தொழிற்சாலையில் 1968-ல் இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். உரிமம் பெற்றிருந்த மகிந்திரா நம் நாட்டில் அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்துகொண்டிருந்தது. இன்றைக்கும் நமக்குச் சாமான் கிடைப்பது அதனால்தான்.

சரி, வண்டி பார்க்கப் போகிறீர்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். புத்தகத்தில் உள்ள செஸ்ஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். டீசல் மலிவாக இருந்த காலத்தில் ஏகப்பட்ட பெட்ரோல் ஜீப்புகளுக்கு டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

அடுத்தது துரு. ஒரு காந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயிண்ட் பளபளவென்று இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகட்டை மறைத்துக்கொண்டு தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு தரையில் படுத்து அடிப்பக்கம் பாருங்கள். தரைத் தகட்டுக்குக் கீழே 'ப' எழுத்து போல மடித்த இரும்புச் சட்டங்கள் குறுக்கே ஓடும். பழைய வில்லிஸ் வண்டிகளில் அதற்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். மழைத்தண்ணீரை மரம் குடித்து வைத்துக்கொள்ளும். சட்டம் உள்ளேயிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் அமுங்கிப் போகும், சில சமயம் உள்ளே துருத்தூள் உதிர்வதே காதில் விழும். இந்தச் சட்டங்களை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கலாம், நல்ல டிங்கர் ஒருவர் செய்துவிடுவார். செஸ்ஸியே கோணியிருந்தால்தான் சிக்கல். அதைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும்.

ஸ்டீயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நல்ல வேகத்தில் போகும்போது சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடும், ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியாது. பழைய ஜீப் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கச் சொல்வார்கள். அது நோயை மூடி வைக்கிற வேலை. கோளாறு பெரும்பாலும் முன்சக்கரம் திரும்பும் அச்சைத் தாங்கும் கிங்பின் பேரிங்கில் இருக்கும், அல்லது செஸ்ஸியின் முன் குறுக்குச் சட்டத்தில் இருந்து ஸ்டீயரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்கிராங்க் தேய்ந்திருக்கும். முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் உருண்டையான கூடு இருக்கிறதே, அதன் மேலேயும் கீழேயும் கிங்பின் பேரிங் உட்கார்ந்திருக்கும். மூடிக்கு அடியில் காகிதம் போன்ற ஷிம் தகடுகள் இருக்கும். ஒன்றை எடுத்தால் இறுகும், ஒன்றைச் சேர்த்தால் தளரும். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கையால் ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் சீல் போடுவதற்கு முன், ஒரு சுருள்வில் தராசை ஸ்டீயரிங் ஆர்மில் மாட்டி மெதுவாக இழுத்து, சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவு வருகிறதா என்று பார்த்து ஷிம் போட வேண்டும். பொறுமையான வேலை. இதைச் சரியாகச் செய்துவிட்டால் அந்த ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிடும்.

எஞ்சின் வேலைக்கு நல்ல லேத் பட்டறை இருந்தால் போதும். சிலிண்டரின் உள் விட்டம் 3.125 அங்குலம், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம் 4.375 அங்குலம். ஸ்ட்ரோக் நீளம் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும். எழுபது சொச்சம் குதிரைத்திறன்தான். கொண்டை ஊசி வளைவில் ஏற அது போதும். வேகம் பிடிக்கவில்லை என்று இதைக் கழற்றி வீசிவிட்டு வேறு எஞ்சின் ஏற்றுகிறவர்கள், இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதையே மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

பெயிண்டுக்கு ஒரே வார்த்தை: பளபளப்பு குறைவாக இருப்பதே அழகு.

இனி நம் விருப்பத்துக்கு என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். ஸ்பார்க்குக்கான பழைய பாயின்ட் இருக்கும் இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோ இடத்தில் ஆல்டர்னேட்டர். பழைய பாகங்களைத் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள், ஒரு மாலையில் திரும்பப் பூட்டிவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது ஃப்ரீ வீலிங் ஹப், அதாவது முன்சக்கரத்தை ஆக்சிலோடு வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரித்து வைக்கும் ஹப். சாதாரண சாலையில் முன் ஆக்சில் வீணாகச் சுற்றாமல் இருக்க, 1948-ல் அமெரிக்காவில் வார்ன் என்பவர் போர்க்கால ஜீப்புகளுக்காகவே செய்தது. ஒரு சக்கரத்துக்கு ஆறு போல்ட், அவ்வளவுதான். இருக்கை பெல்ட் கட்டாயம் போடுங்கள், அது கடைசியாக யோசிக்கிற சமாச்சாரமாக இருக்கக் கூடாது.

பெரிய டயரைப் பற்றிக் கேட்பார்கள். இந்த ஜீப்புக்கு வந்தது 6.00-16 என்ற ஒல்லியான டயர். ஆக்சிலின் 5.38 பல் விகிதம் அதற்காகவே கணக்கிட்டது. தடியான பெரிய டயரைப் போட்டால் மேட்டில் இழுவை குறையும், பிரேக் பிடிப்பது தாமதமாகும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த கிங்பின் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்பதற்காக இத்தனை விலை கொடுக்க வேண்டுமா?

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எஞ்சின் மாற்றுவதென்றால் பதிவு அலுவலகத்தின் அனுமதியை முதலில் வாங்க வேண்டும். முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டியை, 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் செஸ்ஸி, பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து, தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டி வைத்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பேரிங் அல்லது பிரேக் இறுக்கம். யூ போல்ட், சக்கர நட் எல்லாவற்றையும் இன்னொரு முறை முறுக்குங்கள். ஓட்டத்தில் கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, வண்டி நின்ற பிறகே அதைப் போடுங்கள். முதல் எஞ்சின் ஆயிலைச் சீக்கிரமே வடித்து, அதில் மினுக்கும் உலோகத்தூள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இல்லையென்றால், மலைப்பாதைக்குக் கொண்டுபோகலாம்.

நன்றி, வணக்கம்.