முறையிடுவதும் ஜெபமே

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

துன்பம் வந்த வீட்டுக்குப் போகும்போது நாம் பழங்களையும் ஹார்லிக்ஸையும் கொண்டுபோகிறோம். கூடவே ஒரு விளக்கத்தையும் கொண்டுபோய்விடுகிறோம். "கர்த்தர் சோதிக்கிறார்." "விசுவாசத்தில் உறுதியாக இருங்கள்." "எங்கேயாவது பாவம் மறைந்திருக்கும், ஆராய்ந்து பாருங்கள்." பெங்களூரின் தமிழ்ச் சபைகளிலிருந்து நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவர்களில் நானும் ஒருவன். அந்த மூன்றாவது வாக்கியம் நோயைவிடக் கொடியது.

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரத்திலேயே முடிந்துபோன கேள்வி அது. ஆனாலும் படுக்கையில் கிடப்பவர்களின் காதில் இன்றும் அதைப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபுவையும் அவனுடைய மூன்று நண்பர்களையும் நினைத்துப் பாருங்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை பெரிய அன்பு! வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. யோபுவோ தான் பிறந்த நாளைச் சபித்தான், கடவுளையே வழக்குக்கு அழைத்தான். முடிவில் கர்த்தரின் கோபம் யார்மேல் மூண்டது? தமக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்கள்மேல். தம்மோடு வழக்காடியவனைத்தான் "என் தாசன்" என்று அழைத்தார்.

நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரியில் போனவரையே கூப்பிட்டு, என்னை இப்படி விட்டுப் போனாயே என்று நியாயம் கேட்பார்கள். உறவு இருக்கிற இடத்தில்தான் அப்படிக் கேட்க முடியும். வேதத்தின் ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இத்தகைய முறையீடுதான். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை; இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் இயேசு கதறியதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்.

ஓசூர் சாலையில் உள்ள கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து நிறையத் தமிழர்கள் வருகிறார்கள். அங்கே ஒரு தாயைச் சந்தித்தேன். மகனுக்கு இரத்தப் புற்றுநோய். மடியில் மஞ்சள் பை, அதற்குள் பரிசோதனைச் சீட்டுகள், பக்கத்தில் கஞ்சி ஊற்றிய பிளாஸ்க். ஜெபிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா. இன்றைக்கு எனக்கு ஆண்டவரோடு சண்டை" என்றார். 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். முழுவதும் கேட்டார். "இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறதா?" என்றார். மறுபடி வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, மகனுக்குக் கஞ்சி கொடுக்க எழுந்து போனார்.

நான் ஆவிக்குரிய பலம் என்று சொல்வது இதைத்தான். பவுல் தன் மாம்சத்தில் தைத்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. பலவீனத்திலே தம் பலம் பூரணமாய் விளங்கும் என்றார் ஆண்டவர். இதை வைத்துக்கொண்டு வலியைப் புனிதமாக்கிவிடக் கூடாது. விசுவாசத்தின் பெயரால் வலி மாத்திரையை ஒதுக்குகிறவர்களைக் கண்டு மனம் பதறியிருக்கிறேன். மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். துன்பம் என்னும் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று, சிலுவைக்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டார்.

சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில், சேலை உடுத்திய அன்னையின் முன் எல்லா மதத்தவரும் கண்ணீரோடு நிற்கிறார்கள். செப்டம்பர் 8ஆம் தேதித் திருவிழாவில் கூட்டம் அலைமோதும். யாரும் யாரையும் அழாதே என்று அதட்டுவதில்லை. சீர்திருத்த சபைக்காரனான எனக்கு அதைப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது. நம் ஆராதனைகளில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. சுகம் கிடைத்தவர்கள் எழுந்து பேசுகிறார்கள். கிடைக்காதவர்களுக்கும் அங்கே ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று ஆயர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

வாலிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அடிக்கடி தேவைப்படுகின்றன. தானமாகப் பெற்ற தட்டணுக்களைப் பொதுவாக ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் வாரந்தோறும் புதிய ஆட்கள் வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்த நகரத்தில் ஆள் தெரியாது. உங்கள் சபையில் பெயர்ப் பட்டியல் ஒன்று தயார் செய்து, அருகிலுள்ள இரத்த வங்கியில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.