நெஞ்சு படபடத்தால் முதலில் நாடியைப் பிடியுங்கள்

(இணுவிலில் வாசிகசாலை ஒன்றில் குடும்ப மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, பெரியோர்களே, பின்னால் கதவடியில் நிற்கின்ற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நெஞ்சுப் படபடப்பைப் பற்றிப் பேச வாருங்கள் என்று இளைஞர்கள் கேட்டதும் மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டேன். என்னிடம் வருகிறவர்களில் மிகவும் பயந்துபோய் வருகிறவர்கள் இந்த முறைப்பாட்டோடு வருகிறவர்கள்தான். "டொக்டர், நெஞ்சு பக்குப் பக்கெண்டு அடிக்குது." "ஒரு துடிப்பு நிண்டுபோய்த் திரும்ப வந்தமாதிரி இருந்தது." சொல்லி முடிக்க முன்னமே சிலருக்குக் கண் கலங்கிவிடும். ஈசிஜி எடுத்தால் அதில் ஒரு பிழையும் இராது. "உங்களுக்கு ஒண்டுமில்லை" என்ற பதிலோடு வீட்டுக்குப் போவார்கள். இரவு படுத்ததும் அது மறுபடி தொடங்கும்.

ஏன் ஈசிஜியில் தெரிவதில்லை? இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 இலட்சம் தடவை துடிக்கிறது. வழமையான ஈசிஜி தாளில் பதிவது 10 செக்கன். அந்தப் 10 செக்கனுக்குள் படபடப்பு வந்தால்தான் அது தாளில் விழும். ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே அது நின்றுவிட்டால், நடந்ததற்குச் சாட்சி நீங்கள் ஒருவர்தான். அந்தச் சாட்சியைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும். நான் இன்று வந்தது முக்கியமாக அதற்காகத்தான்.

எல்லோரும் இடது கையை மலர்த்திப் பிடியுங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் வெளிப்பக்கமாக, வலது கையின் மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். தெரிகிறதா? மணிக்கூட்டைப் பார்த்து முழு 1 நிமிடம் எண்ணுங்கள். ஆறுதலாக இருக்கிற வளர்ந்த ஒருவருக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். எண்ணிக்கையைப் போலவே ஒழுங்கும் முக்கியம். சீராகப் போகிறதா, இடையில் ஒன்று தவறுகிறதா, தலைகால் தெரியாமல் கண்டபடி அடிக்கிறதா என்று பாருங்கள். படபடப்பு வரும்போது இதைச் செய்து, நேரத்தையும், அது திடீரென்று தொடங்கியதா மெல்ல மெல்ல ஏறியதா என்பதையும், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெரிய பெரிய சோதனைகள் சொல்லாததை அந்தக் கொப்பி சொன்னதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அதை உங்கள் தமிழிலேயே எழுதுங்கள். 1847 இல் இங்கே வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியரின் மண் இது. வருத்தத்தைச் சொல்ல இங்கே யாரும் ஆங்கிலம் தேடத் தேவையில்லை.

இப்போது அந்த "நிண்டுபோன" துடிப்புக்கு வருவோம். நீங்கள் தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர். தனி ஆவர்த்தனத்தில் ஓர் அடி முந்தி விழுந்து, அடுத்த அடிக்கு முன் சிறிய இடைவெளி விட்டு, பிறகு ஓர் அடி கனமாக விழுந்தால் உங்கள் காது உடனே பிடித்துவிடும். இருதயத்திலும் அதுதான் நடக்கிறது. ஒரு துடிப்பு நேரத்துக்கு முன் வந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் இடைவெளியில் இருதயம் வழமையைவிடக் கூடுதலாக இரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கிறது. இருதயம் நிற்கவில்லை. முந்தி வந்த துடிப்பு மென்மையானது என்பதால் நீங்கள் அதை உணரவில்லை, அவ்வளவுதான். இருதயம் நல்ல நிலையில் உள்ளவர்களுக்கும் இப்படி வரும், பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. இடது பக்கம் சரிந்து படுத்தால் இருதயம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரவில் பயம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து வேறுபட்ட இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று, சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று 150, 180 என்று ஏறி, சீராக ஓடி, திடீரென்று நிற்பது. இளம் வயதினருக்கும் இது வரும். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மற்றது, நாடி எந்த ஒழுங்குமில்லாமல் அடிப்பது. வயது போனவர்களிடமும், பிறஷர் உள்ளவர்களிடமும், சிறு வயதில் வாதக்காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதானவர்களிடமும் இதைக் காண்கிறோம். இதில் இருதயத்துக்குள் இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போகலாம். பாரிசவாத ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு கூடுகிறது. படபடப்பே தெரியாமல்கூட இது இருக்கும் என்பதால், 65 வயதைத் தாண்டியவர்கள் இடைக்கிடை நாடியைப் பிடித்துப் பார்ப்பது அவசியம்.

சரி, எது இதைத் தூண்டுகிறது? முதலில் எல்லோரும் தேத்தண்ணியைத்தான் குற்றம் சொல்வார்கள். அளவான தேத்தண்ணியும் கோப்பியும் பெரும்பாலானோருக்குத் துடிப்பைக் குழப்புவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சிலருக்குக் குழப்பும். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதை உங்கள் கொப்பிதான் சொல்லும். இரண்டு கிழமை நிறுத்திப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் பேசாமல் குடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பசியோடும் பயத்தோடும் இருப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் நோகிறது. அதேவேளை, தம்பிமாரே, பந்து விளையாட முன் அந்த எனர்ஜி பானத்தை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் குடிப்பதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன்.

புகையிலை விளைகிற ஊரில் நின்று சொல்கிறேன்: சுருட்டும் சிகரெட்டும் வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் நேரடியாகத் துடிப்பை ஏற்றும். வெறும் பாக்குக்கூடச் சிலருக்கு நெஞ்சைப் படபடக்கவைத்து வேர்க்கப்பண்ணும். "நான் புகைக்கிறதில்லை, வெத்திலை மட்டும்தான்" என்கிற அம்மாமார் இதைக் கவனியுங்கள். கலியாண வீட்டுக் குடி முடிந்து மறுநாள் வரும் படபடப்பையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒழுங்கற்ற துடிப்பைக் கிளப்புவதில் மதுவுக்குப் பெரிய பங்குண்டு.

விரதம் இருப்பது உங்கள் நம்பிக்கை. அதில் நான் குறுக்கே வரவில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெயிலில் நின்று, தண்ணீரும் குடிக்காமல், பிறஷர்க் குளிசையையும் "விரதம் முடியட்டும்" என்று விட்டுவிடுகிறீர்களே, அதைத்தான் செய்யாதீர்கள். அட்டெனலோல், பிசப்ரலோல் போன்ற குளிசைகளைச் சடுதியாக நிறுத்தினால் இருதயம் முன்பைவிட வேகமாக அடிக்கத் தொடங்கும். குளிசை எடுக்கிற நேரத்தை விரதத்துக்கு ஏற்ப மாற்றித் தர எங்களால் முடியும். வந்து கேளுங்கள்.

முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) இழுக்கிற சல்பியூட்டமோல், மூக்கடைப்புக்கு வாங்குகிற சில தடிமன் குளிசைகள், தைரொயிட் குறைவுக்கு எடுக்கிற தைரொக்சின் அளவு கூடினால் அதுவும், இவையும் துடிப்பை ஏற்றும். வயிற்றோட்டம், சத்தி வந்தபின் உப்புச்சத்து குறைந்தாலும் அப்படித்தான். நீங்களாக மருந்தை நிறுத்தவேண்டாம், கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நித்திரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ரொறன்ரோவில் மகன் வேலை முடிந்து பின்னேரம் 6 மணிக்கு அழைத்தால் இங்கே விடியப்புறம் 3:30 அல்லது 4:30. அந்த அழைப்புக்காகவே அரைநித்திரையில் கிடக்கும் தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். நித்திரை குழம்பினால் துடிப்பும் குழம்பும். பிள்ளையோடு கதையுங்கள், ஆனால் சனி, ஞாயிறில் அவருடைய காலை நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அது உங்களுக்குப் பின்னேரம்.

இனிச் சொல்லப்போவதை மனம் வைத்துக் கேளுங்கள். போர்க்காலத்தில் ஷெல்லுக்கும் கிபிர்க் குண்டுவீச்சு விமானத்துக்கும் பதுங்குகுழிக்குள் ஓடியவர்கள் நாங்கள். கோயிலில் வெடி கொளுத்தினால் இன்றும் சிலருக்கு நெஞ்சு அடைத்து, கை குளிர்ந்து, துடிப்பு ஏறுகிறது. அந்த நேரம் அட்ரினலின் உண்மையாகவே இரத்தத்தில் பாய்கிறது. அது நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. அதற்கு உளவளத்துணையும் மருத்துவமும் உண்டு. ஆனால் இந்த நியாயத்தைச் சொல்லியே ஒரு பெண்ணின் படபடப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யோசினை கூடிப்போச்சு என்று வீட்டார் ஒதுக்கிவிட்டவர்களில் இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்பு மிகுதியும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் ஈசிஜியும் பார்த்த பிறகுதான் மனத்தின் மேல் பாரத்தைப் போடலாம்.

இனிக் கேள்விகள்.

"படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த வழி இருக்கோ?" என்று ஒரு அக்கா கேட்கிறார். முதலில் நான் சொன்ன, திடீரென்று ஏறுகிற வகை என்று மருத்துவர் உறுதிசெய்தவர்களுக்கு உண்டு. 10 மில்லிலீற்றர் வெறும் சிறிஞ்சின் தண்டை அசைக்கிற அளவுக்கு 15 செக்கன் ஊதி, உடனே மல்லாந்து படுத்துக் கால்களை ஒருவர் தூக்கிப் பிடிக்கவேண்டும். 2015 இல் வெளியான ஓர் ஆய்வில் பத்துப் பேரில் நால்வருக்கு மேல் இதனாலேயே நின்றது. உங்கள் மருத்துவர் காட்டித் தந்தபின் செய்யுங்கள். கழுத்து நாடியை நீங்களாக அமுக்கவேண்டாம்.

"எப்ப உடனே ஓடவேணும்?" நல்ல கேள்வி, ஐயா. மயங்கி விழுந்தால், நெஞ்சு நோவோ மூச்சுமுட்டோ சேர்ந்தால், வாய் கோணி ஒரு பக்கக் கைகால் விழுந்தால், ஆறுதலாக இருக்கும்போதும் நாடி 120 க்கு மேல் விடாமல் ஓடினால். ஓடி விளையாடும்போது படபடத்து மயங்கிய பிள்ளையையும், இளம் வயதில் திடீர் மரணம் நடந்த குடும்பத்தவரையும், அது நின்றுவிட்டாலும் கட்டாயம் காட்டுங்கள்.

"ஓட்டோவிலை கொண்டு போகலாமோ?" 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்தி மட்டும் கொண்டுபோகாதீர்கள், வழியில் மயங்கினால் விழுந்துவிடுவார். கிளினிக் கொப்பியையும், எடுக்கிற குளிசைகளையும், நாடி எழுதிய தாளையும் ஒரு பையில் போட்டு அவரோடு அனுப்புங்கள்.