சாப்பாட்டு மேசையில் வெட்டிய குரோமோசோம்கள்: ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை எப்படி அளப்பது?

[திரை: ஒரு சாப்பாட்டு மேசை. மேலே கத்தரிக்கோல், வெட்டிய புகைப்படத் துண்டுகள்.]

சிகாகோ. 1970-களின் தொடக்கம். ஓர் அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புகைப்படங்களைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவர் வெட்டியவை குரோமோசோம்களின் படங்கள்; செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். நுண்நோக்கிப் படத்திலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கி, ஜோடி சேர்த்துப் பார்ப்பதுதான் அன்றைய முறை.

அவர்தான் ஜேனட் ரௌலி. மருத்துவம் படித்தவர், நான்கு மகன்களுக்குத் தாய். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த பல ஆண்டுகள் பகுதிநேர வேலைதான். அவருடைய 45 வயது பயோடேட்டாவை இன்றைய தேர்வுக்குழு ஒன்றிடம் கொடுத்தால், கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

[திரை: எண்கள் ஓடுகின்றன.]

சரி, அந்தக் குழு எதைப் பார்க்கும்? முதலில் எச்-இன்டெக்ஸ். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொண்டுவந்த கணக்கு. குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் உங்களிடம் 20 இருந்தால், உங்கள் எண் 20. மூன்றே கட்டுரை எழுதி, மூன்றும் உலகைப் புரட்டிப் போட்டிருந்தாலும் எண் 3-ஐத் தாண்டாது.

அடுத்து, எந்த இதழில் வந்தது என்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் ஓர் இதழின் தாக்கக் குறியீடு, அதாவது அதன் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், 200-ஐத் தாண்டியிருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம், இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும் என்று அவர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரக் கட்டுரை. ஊரில் யார் புற்றுநோய் பற்றி எழுதினாலும் முதல் வரிக்கு அது தேவைப்படுகிறது. மேற்கோள் குவிகிறது.

[திரை: ஒரு குட்டி குரோமோசோம்.]

இப்போது ரௌலிக்கு வருவோம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் நோயாளிகளிடம் 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். கண்ட ஊரின் பெயரால் அது ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் ஆனது. ஒரு துண்டு உடைந்து தொலைந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

ரௌலி ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு புது உத்தியைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமிலும் அதற்கே உரிய பட்டைகள் தெரியும். அந்தப் பட்டைகளை வைத்துப் பார்த்தபோது 9-ஆம் குரோமோசோமின் நுனியில் கூடுதலாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. காணாமல் போனதாக நினைத்த துண்டு, வீடு மாறியிருந்தது! 1973 ஜூன், ‘நேச்சர்’ இதழ், நான்கு பக்கம், ஆசிரியராக ஒரே ஒரு பெயர். அதே ஆண்டு 8-க்கும் 21-க்கும் இடையிலான இன்னொரு இடமாற்றத்தைப் பற்றியும் எழுதினார். அது வந்தது ஒரு பிரெஞ்சு இதழில். 1977-இல் 15-க்கும் 17-க்கும் இடையிலான இடமாற்றம்.

குரோமோசோம் கோளாறு புற்றுநோயின் விளைவுதான், காரணம் அல்ல என்று அன்று பலர் நம்பினார்கள். குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட இடமாற்றம் என்று வரிசையாகத் தெரியத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1980-களில், 9-உம் 22-உம் ஒட்டும் இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைவது தெரிந்தது. அந்த இணைப்பு உருவாக்கும் புரதம், அணைக்க முடியாத சுவிட்ச் போல இயங்கிக்கொண்டே இருக்கிறது. அதை அணைக்க வந்த மாத்திரை இமாட்டினிப். அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்றது.

[திரை: ஒரு கட்டுரையின் அடிக்குறிப்புகள்.]

இன்று இந்த நோயைப் பற்றி எழுதுபவர்கள் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள்? பெரும்பாலும் மருந்துச் சோதனைக் கட்டுரைகளை. 9, 22 என்பது பாடப்புத்தகச் செய்தி ஆகிவிட்டது. டி.என்.ஏ இரட்டைச் சுருள் என்று எழுதும்போது 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையை யார் அடிக்குறிப்பில் போடுகிறார்கள்? அதே கதைதான். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு பெயரே வைத்தார். கரைந்து மறைதல் என்று தமிழில் சொல்லலாம். ஒரு கண்டுபிடிப்பு முழுதாக வென்றுவிட்டால், அதற்கான மேற்கோள் குறையத் தொடங்கும். எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வெற்றி சரிவு மாதிரித் தெரியும்.

ரௌலி அப்புறம் நூற்றுக்கணக்கில் எழுதினார், 1998-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருதை நோவெலுடனும் நட்சன் என்ற இன்னொரு புற்றுநோய் ஆய்வாளருடனும் பகிர்ந்துகொண்டார். அதெல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடைக்கும்.

[திரை: சென்னை.]

பட்டியலில் கிடைக்காதது ஒன்று. அதே இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று மறுப்பு உறுதியானது. இந்தியாவில் மலிவு விலையில் அந்த மாத்திரையைத் தயாரிப்பது தொடர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரௌலி தம் 88-ஆவது வயதில் காலமானார். தீர்ப்பு எச்-இன்டெக்ஸ் கணக்கில் சேராது.