1970 செவெல் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

[திரையில்: சிவப்பு நிற 1970 செவர்லே செவெல், பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டைகள்]

பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றை வாங்கி, கராஜில் வைத்து நாமே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எஞ்சின் என்ன?" என்றுதான். என் கருத்து நேர் எதிர். முதலில் காகிதம், அடுத்து உடம்பின் இரும்புத் தகடு, எஞ்சின் கடைசியில். எஞ்சின் கெட்டிருந்தால் வேறொன்றை வாங்கி வைத்துவிடலாம். வண்டியின் உடம்பு துருப்பிடித்திருந்தால் அதைச் சரிசெய்யும் செலவிலேயே கனவு நின்றுவிடும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை 1970 செவர்லே செவெலை வைத்துப் பார்ப்போம்.

1964-இல் போன்டியாக் ஜிடிஓ வந்தபோதே இந்த வண்டிகளின் சூத்திரம் பிறந்துவிட்டது: நடுத்தர அளவு உடம்பு, அதற்குள் பெரிய வண்டியின் எஞ்சின். ஆனால் நடுத்தர வண்டிகளில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று, போன்டியாக், செவர்லே இரண்டுக்கும் தாய் நிறுவனமான ஜிஎம்முக்குள் ஒரு விதி இருந்தது. 1970 மாடலுக்கு அந்த விதி தளர்ந்தது. உடனே செவர்லே, செவெலில் 454 கன அங்குல எஞ்சினை இறக்கியது. நம் கணக்கில் 7.4 லிட்டர். அதில் உச்சமான எல்எஸ்6 வகைக்கு 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். ஏர் ஃபில்டர், வண்டியின் சைலன்சர் எதையும் மாட்டாமல் எஞ்சினைத் தனியாக ஓட்டி அளந்த கணக்கு அது. வண்டியில் பொருத்திய நிலையில் அளந்து சொல்லும் முறை 1972 மாடலில்தான் வந்தது. ஆகவே அந்த 450-ஐ இன்றைய கார்களின் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது.

எல்எஸ்6 அந்த ஆண்டு ஏறத்தாழ 4,500 தான் வந்தது. அதே உடம்பில் செவெலின் சாதாரண வகையான மாலிபு ஏராளமாக வந்தது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

[திரையில்: விண்ட்ஷீல்டுக்குக் கீழே, டேஷ்போர்டின் இடது ஓரத்தில் உள்ள வின் (வண்டியின் அடையாள எண்) தகடு]

1970-இல் எஸ்எஸ், அதாவது சூப்பர் ஸ்போர்ட், என்பது தனி மாடல் இல்லை. மாலிபு வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தொகுப்பு. அதனால் வண்டியின் வின் எண்ணில் அது தெரியாது. எண் 13637 என்று தொடங்கினால், செவர்லே, வி8 மாலிபு, இரண்டு கதவு ஸ்போர்ட் கூப் என்று பொருள். அடுத்து வரும் 0 என்பது 1970. அதற்கடுத்த எழுத்து தொழிற்சாலை: பி என்றால் பால்டிமோர், கே என்றால் கன்சாஸ் சிட்டி. அவ்வளவுதான். 307 கன அங்குல எஞ்சினோடு வந்த வண்டிக்கும் எல்எஸ்6 வண்டிக்கும் முதல் ஐந்து எண்கள் ஒன்றேதான். பேட்ஜ், பானெட், கிரில், டேஷ்போர்டு மீட்டர் எல்லாமே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். மாலிபுவை எஸ்எஸ் போல மாற்றுவது கஷ்டமே இல்லை. மாற்றி வைத்திருப்பதில் தவறும் இல்லை. அதை அசல் என்று சொல்லி அசல் விலை கேட்பதுதான் தவறு.

அப்படியானால் எதை நம்புவது? எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், பயணி அமரும் பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், விரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு டி0312சிஆர்வி என்ற மாதிரி ஒரு குறி இருக்கும். டி என்றால் டோனவாண்டா தொழிற்சாலை. 0312 என்றால் மார்ச் 12. சிஆர்வி என்றால் நான்கு கியர் மேனுவலோடு வந்த எல்எஸ்6. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நாம் அமரும் பகுதிக்கும் இடையே உள்ள தடுப்பில்) உள்ள இன்னொரு தகட்டில் உடம்பு எந்த மாதம், எந்த வாரம் செய்யப்பட்டது என்று இருக்கும்: 03சி என்றால் மார்ச் மூன்றாம் வாரம். உடம்பு மார்ச்சில் வந்திருக்க, எஞ்சினில் மே மாதத் தேதி இருந்தால் அது அந்த வண்டியோடு பிறந்த எஞ்சின் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தட்டையான இடத்தில், தொழிற்சாலை இயந்திரம் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாக எண் அடித்திருக்கலாம்.

இதைவிட உறுதியான சான்று, தொழிற்சாலையில் அந்த வண்டிக்காக அச்சிட்ட பில்ட் ஷீட், அதாவது அதில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியல். செவெலில் இது பல நேரம் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். விற்பவர் டேங்கை இறக்கிப் பார்த்ததே இல்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம்.

சரி, இனி தகடு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

செவெலில் துரு தொடங்கும் முக்கியமான இடம் பின்கண்ணாடியின் கீழ் மூலைகள். கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளப்புப் பட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கும். கூரையில் வினைல் ஒட்டிய வண்டி என்றால் இன்னும் மோசம், ஈரம் உள்ளேயே அடைந்து கிடக்கும். வெளியே பெயின்ட் லேசாகக் கொப்புளித்திருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, உள்ளே தலையை விட்டு மேல்நோக்கி டார்ச் அடியுங்கள். அங்கிருந்து வழிந்த தண்ணீர் டிக்கியின் தரையை அரித்திருக்கும், பிறகு பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்த்தகட்டை. அந்த இடத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அப்புறம் வண்டிக்கு அடியில் போய், பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து செல்லும் சேசிஸையும், உடம்பைச் சேசிஸோடு பிணைக்கும் இடங்களையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் வாங்காதீர்கள்.

சாலையில் பனி கரைய உப்புப் போடும், அதனால் துரு சீக்கிரம் பிடிக்கும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து வண்டிகளை விட அரிசோனா வண்டிகளை நான் விரும்புவது இதனால்தான். அங்கே வெயிலில் சீட்டும் டேஷ்போர்டும் வெடித்திருக்கும், அவற்றைப் புதிதாக வாங்கலாம். தகடு முழுசாக இருக்கும்.

ஆகவே ஓட்டுவதற்காகக் கட்டுபவருக்கு நான் சொல்வது: துருப்பிடித்த எஸ்எஸ்ஸை விட, கெட்டியான தகடும் விற்பவரின் சொந்தப் பெயரில் சுத்தமான டைட்டிலும் (வண்டியின் உரிமைப் பத்திரமும்) உள்ள 307 மாலிபு மேல். விற்பவர் காட்டும் டைட்டிலில் உள்ள எண்ணும் டேஷ்போர்டு எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

[திரையில்: கராஜில் ஜாக் ஸ்டாண்டு மேல் நிற்கும் மாலிபு]

வாங்கிவிட்டீர்கள். உடனே எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். பாதியில் கைவிடப்பட்டு, பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வரும் வண்டிகள் இப்படிக் கழற்றியவைதான். தகடு நன்றாக இருந்தால், உடம்பைச் சேசிஸிலிருந்து தூக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. வண்டி முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓடட்டும். எஸ்எஸ்ஸில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. சாதாரண மாலிபுவில் பெரும்பாலும் நான்கும் டிரம்தான். முன்பக்கம் டிஸ்க்குக்கு மாற்றும் கிட் எளிதாகக் கிடைக்கிறது. கூடவே ரப்பர் ஹோஸ்கள், பெட்ரோல் டேங்க், டயர், வயரிங். பெயின்ட் எல்லாவற்றுக்கும் பின்னால்.

எஞ்சினுக்கு இப்போது வருவோம். 307-உம் 350-உம் ஒரே குடும்பம். அதே மவுண்ட்டில், அதே கியர்பாக்ஸோடு 350 அமர்ந்துவிடும். புதிய எல்எஸ் எஞ்சினும் போடலாம் (இது ஜிஎம்மின் பிற்கால எஞ்சின் குடும்பம்; மேலே சொன்ன 1970 எல்எஸ்6 வேறு). அதற்கு வேறு மவுண்ட், எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், வயரிங் எல்லாம் வேண்டும். முதல் வண்டிக்கு நான் 350-தான் சொல்வேன்.

ஆனால் அதில் பழைய முறை தட்டை டாப்பெட் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு; டாப்பெட்டுகள் அதன்மேல் நேராக உரசும்) போட்டால், முதல் அரை மணி நேரம் மிக முக்கியம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியே பிரைமிங் கம்பியை விட்டு, டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றுங்கள். எல்லா ராக்கர்களிலும் ஆயில் வரும்வரை விடாதீர்கள். துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும், ஏனென்றால் கேமுக்கு ஆயில் தெறிப்பது அந்த வேகத்தில்தான். பிறகு அணைத்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து, உள்ளே உள்ள காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். இரும்புத் துகள் மின்னினால் கேம் தேய்கிறது; அப்போதே நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுத்தமாக இருந்தால் இக்னிஷன் டைமிங்கைச் சரிசெய்து, வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.