பேராசிரியர் அம்மாவும் 600 கட்டுகளும்

வணக்கம் நண்பர்களே. திருவான்மியூர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். கடல்காற்று மைக்கில் அடித்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஸ்கிரீன் எதுவும் காட்டப் போவதில்லை. இந்த மாதம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. ஆராய்ச்சி செய்பவர்களைப் பகிர்வுக் கணினிகளுக்குப் பழக்குவதுதான் என் வேலை. ஒரே வேலையைப் பல துண்டாக்கி, சும்மா இருக்கும் பல கணினிகளுக்கு அனுப்பி, முடிவுகளைத் திரும்ப ஒரே இடத்தில் சேர்ப்பது. இயற்பியல்காரர்களுக்கு இது புதிதில்லை. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் தரவு 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள கணினிகளில்தான் பிரித்துக் கணக்கிடப்படுகிறது. நம்ம தரமணியிலேயே கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் கப்ரு என்ற கிளஸ்டரை, அதாவது ஒன்றாக இணைத்த கணினிக் கூட்டத்தை, அமைத்தார்கள். ஆனால் தமிழ், வரலாறு, பொதுச் சுகாதாரம் என்று போனால், இதெல்லாம் நமக்கில்லை என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது.

இந்த மாதம் என்னிடம் உதவி கேட்டு வந்த அம்மா ஒரு தமிழ்ப் பேராசிரியர். நூறு வருடத்துக்கு முந்தைய இதழ்களில் எந்தச் சொல் எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று தேடுகிறார். கையில் ஸ்கேன் செய்த 12,000 பக்கங்கள். படத்தைச் சுத்தம் செய்து எழுத்தை அடையாளம் காண ஒரு நிரலை மாணவர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கேதான் சிக்கல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அல்லவா? லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி முன்னால் சுழித்துக்கொண்டு நிற்கும். றா, னா எல்லாம் கால் தனியாக இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் நிரலின் பல செட்டிங்குகளில் ஓட்டிப் பார்த்து, நன்றாக வந்ததை எடுக்கவேண்டும். பக்கத்துக்கு 4 நிமிடம். கணக்குப் போட்டால் 800 மணி நேரம், அதாவது லேப்டாப்பை மூடாமல் 33 நாள். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

"தம்பி, இதுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேணும்னு சொல்றாங்களே?" என்று கேட்டார்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு நான் பிராசசர், நோடு, ஷெட்யூலர் என்று ஆரம்பித்துவிடுவேன். ஒரு கல்லூரியில் நாள் முழுக்கப் பயிலரங்கம் நடத்தினேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள், சான்றிதழும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருவர்கூட ஒரு வேலையும் அனுப்பியிருக்கவில்லை. அவர்கள் ஆராய்ச்சி என்ன என்று நான் கேட்கவே இல்லையே! அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

இந்த முறை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, ஐந்தாம் பக்கத்தைப் படிக்க நான்காம் பக்கத்தின் முடிவு வேணுமா?" வேண்டாம் என்றார். சரி, அப்படியென்றால் சூப்பர் கம்ப்யூட்டரும் வேண்டாம். வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணக்கிட்டால் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். அதற்கு வேகமான இணைப்புள்ள பெரிய இயந்திரம் தேவை. இது அப்படி இல்லை.

"விடைத்தாள் திருத்தப் போயிருக்கீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார், இருபது வருடமாகப் போகிறாராம். அதேதான் இது. தாள்களைக் கட்டு கட்டாகப் பிரிக்கிறோம். யார் திருத்தினாலும் விடைக்குறிப்பு ஒன்று. ஒரு கட்டு முடிந்தால் அடுத்தது. திருத்தும் முகாமில் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் சீஃப் எக்ஸாமினர் பார்க்கும் வேலையை இங்கே எச்டிகாண்டர் என்ற மென்பொருள் பார்க்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1988-இலிருந்து ஓடுவது. மேசைகளில் சும்மா கிடக்கும் கணினிகளைப் பயன்படுத்தத்தான் அதைத் தொடங்கினார்கள்.

கட்டுக்கு 20 பக்கம், மொத்தம் 600 கட்டு. ஒரு கட்டுக்கு 80 நிமிடம். முதலில் ஒரே ஒரு கட்டு, அப்புறம் ஐந்து, அது சரியாக வந்தால்தான் மொத்தமும். இந்த வரிசையை நான் யாருக்காகவும் மாற்றமாட்டேன்.

ஐந்தில் இரண்டு ஹோல்டில் நின்றன, அதாவது ஏதோ சிக்கலால் மென்பொருள் அவற்றை நிறுத்தி வைத்துவிட்டது. அம்மாவின் முகம் வாடிவிட்டது, தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று. பக்கத்தில் உட்கார்ந்து, மென்பொருள் எழுதிவைத்த பதிவேட்டை வரி வரியாக வாசித்தோம். ஒரு ஜிபி நினைவகம் கேட்டிருந்தோம், இரட்டைப் பத்தி விளம்பரப் பக்கங்களுக்கு அது போதவில்லை. இரண்டு ஜிபி என்று மாற்றி விடுவித்ததும் ஓடியது. ஐந்து நிமிட வேலைதான். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அந்த இடத்திலேயே விட்டுப் போயிருப்பார்.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் பயன்படுத்தியது ஒரு கல்லூரி லேப். மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த கட்டுகள் எல்லாம் போச்சு என்று நான் பதறினேன். அம்மாதான் நிதானமாகச் சொன்னார்: "ஒரு டீச்சர் லீவு போட்டா அந்தக் கட்டு வேற டீச்சருக்குப் போகும், அவ்வளவுதானே தம்பி?" அப்படித்தான் ஆனது. அந்தக் கட்டுகள் வரிசைக்குத் திரும்பி வேறு கணினிகளில் ஓடின. லேப் உதவியாளரிடம் பேசி, இரவில் பத்து கணினிகளை மட்டும் அணைக்காமல் வைக்க ஒத்துக்கொள்ள வைத்தோம்.

2015-இல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு 4,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இயந்திரங்கள் வந்திருக்கின்றன, அதில் எனக்கு உண்மையான பெருமை. அதோடு ஆளும் வேண்டும். விஸ்கான்சினில் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதற்கென்றே ஆட்களை முழுநேர வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களிலும் அப்படி ஒரு பதவி வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன். பார்க்கும் துணைவேந்தர்கள், துறைத் தலைவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து யோசியுங்கள்.

நேற்று இரவு அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. "தம்பி, அடுத்த இதழோட கட்டும் அனுப்பிட்டேன். மூணு ஹோல்டுல நிக்குது. நீங்க வரவேண்டாம், நானே பாத்துக்கறேன்."