எஃப்பிஜிஏ போர்டில் விலை கூடிய கான்ஃபிக் சிப் எதற்கு? சாதா ஃபிளாஷ் போதும்

வணக்கம் நண்பர்களே. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பது பொள்ளாச்சி பஸ். கடை ரோட்டு மேலேயே இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேஜையில் இருப்பது ஆல்டெரா கம்பெனியின் சைக்ளோன் 2 மினி போர்டு. இதில் இருப்பது எஃப்பிஜிஏ, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே டிசைன் செய்து ஏற்றிக்கொள்ளும் சிப். இபி2சி5டி144 என்று மேலே எழுதியிருக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதால் பாலக்காட்டுப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் பாலிடெக்னிக் பிள்ளைகள் பலர் இதைத்தான் வாங்குகிறார்கள். இப்போது கையில் இருப்பது சித்தூரிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தது. கம்ப்யூட்டரில் இருந்து ஏற்றினால் வேலை செய்கிறது, கரண்ட் போய் வந்தால் எல்லாம் மறந்துவிடுகிறது. எஃப்பிஜிஏவைக் குறை சொல்ல முடியாது, அதன் உள்ளே இருப்பது எஸ்ராம், பவர் போனால் மறந்துவிடும் மெமரி. ஒவ்வொரு முறை பவர் வரும்போதும் வெளியே இருக்கும் ஃபிளாஷிலிருந்து, அதாவது பவர் போனாலும் மறக்காத மெமரி சிப்பிலிருந்து, டிசைனைப் படித்துக்கொள்ள வேண்டும். இந்தப் போர்டில் செத்தது அந்த ஃபிளாஷ்தான்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். எட்டுக் கால், சின்ன சிப். மேலே இபிசிஎஸ்4 என்று இருக்கிறது. ஆல்டெரா தன் பெயரில் விற்ற சீரியல் கான்ஃபிகரேஷன் சிப், 4 மெகாபிட். ஒரிஜினல் வேண்டும் என்று போய்க் கேட்டால், அதே கொள்ளளவுள்ள சாதாரண எஸ்பிஐ ஃபிளாஷைவிட (சில கம்பிகளில் பிட் பிட்டாகப் பேசும் மெமரி சிப்) பல மடங்கு விலை சொல்வார்கள். ஆல்டெராவை இன்டெல் 2015இல் வாங்கியது, அதற்கப்புறம் பழைய வரிசைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கிடைக்கிற மிச்சமும் பழைய ஸ்டாக்தான்.

இந்த இபிசிஎஸ்4இன் டேட்டாஷீட்டையும், எஸ்டி கம்பெனியின் எம்25பி40 டேட்டாஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டளை எண்கள் எல்லாம் ஹெக்ஸில், அதாவது பதினாறு அடிமான எண்ணில்: படிக்க 03, எழுத 02, எழுதும் முன் அனுமதி 06, செக்டார் அழிக்க டி8, முழுசாக அழிக்க சி7. எல்லாம் ஒன்றே. ஏபி என்ற கட்டளைக்கு இரண்டும் 12 என்றே பதில் சொல்லும். நாம் கூடுதலாகக் காசு கொடுப்பது மேலே அச்சடித்த பெயருக்கு, அவ்வளவுதான் என் கருத்து.

சரி, அப்படியானால் எந்த எஸ்பிஐ ஃபிளாஷை வேண்டுமானாலும் மாட்டலாமா? எஃப்பிஜிஏவைக் கேட்டால் கிட்டத்தட்ட ஆம் என்னும். சைக்ளோன் 2 பவர் வந்ததும் படிக்கிற கட்டளையை அனுப்புகிறது, வரும் பிட்டுகளை வாங்கிக்கொள்கிறது. நீ யார், எந்தக் கம்பெனி என்றெல்லாம் விசாரிப்பதில்லை. விசாரிப்பது குவார்டஸ் புரோகிராமர், ஆல்டெராவின் கம்ப்யூட்டர் மென்பொருள். எழுதத் தொடங்கும் முன்னால் அது ஏபி கட்டளை அனுப்பி அடையாள எண் கேட்கும். இபிசிஎஸ்4 என்றால் 12, இபிசிஎஸ்16 என்றால் 14, இபிசிஎஸ்64 என்றால் 16 வர வேண்டும். இல்லையென்றால் சிலிக்கான் ஐடி தெரியவில்லை என்று நின்றுவிடும்.

இங்கேதான் சுவாரசியம். வின்பாண்ட் டபிள்யூ25க்யூ16 இதே கேள்விக்கு 14 சொல்கிறது, டபிள்யூ25க்யூ64 16 சொல்கிறது. அதனால் க்யூ16ஐ மாட்டிவிட்டு, குவார்டஸில் இபிசிஎஸ்16 என்று தேர்ந்தெடுத்து ஜேஐசி ஃபைல் (ஃபிளாஷில் ஏற்றும் ஃபைல்) உருவாக்கினால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் க்யூ32 இருக்கிறதே, அது 15 சொல்லும். அந்த எண்ணில் இபிசிஎஸ் வரிசையில் ஆளே கிடையாது. க்யூ80ம் அப்படித்தான், 13 சொல்லும். பெரிய சிப் நல்ல சிப் என்று 32 வாங்கி மாட்டினால் குவார்டஸ் முரண்டு பிடிக்கும். 16 வாங்குங்கள், போதும். இந்த இபி2சி5க்கு வேண்டியது 12,65,792 பிட் மட்டுமே, 4 மெகாபிட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு கூட நிறையாது.

சைக்ளோன் 2க்கு ஆதரவு தரும் கடைசி குவார்டஸ் 13.0 எஸ்பி1. புதிய பதிப்பை இறக்கிவிட்டு லிஸ்டில் சிப்பைத் தேட வேண்டாம்.

அடுத்து கால்கள். இபிசிஎஸ்4இல் 3, 7, 8 மூன்றும் விசிசி, அதாவது பவர் கால்கள். சாதாரண ஃபிளாஷில் 3 ரைட் புரொடெக்ட் (எழுதுவதைத் தடுப்பது), 7 ஹோல்டு (இடையில் நிறுத்திவைப்பது), இரண்டும் 3.3 வோல்ட் பக்கம் இழுத்திருக்க வேண்டியவை. போர்டில் ஏற்கெனவே 3.3 வோல்ட்டில் கட்டியிருப்பதால் தானாகவே பொருந்துகிறது. மல்டிமீட்டர் வைக்கிறேன், பாருங்கள்: மூன்றாவது பேடும் எட்டாவதும் பீப் அடிக்கிறது. ஏழும் அடிக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. வின்பாண்ட் ஜேவி வரிசையில் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ஐக்யூ என்று முடிந்தால் குவாட் எனேபிள் பிட் (நாலு கால்களில் டேட்டா அனுப்பும் வசதி) ஃபேக்டரியிலேயே ஆன். அப்போது அந்த 3, 7 கால்கள் டேட்டா கால்களாக மாறியிருக்கும், அவற்றை நேரடியாக விசிசியில் கட்டக்கூடாது என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. ஒரு பிட் கட்டளைகள் மட்டும் போகும்வரை ஒன்றும் ஆகாது, ஆனாலும் ஐஎம் என்று முடிவதை வாங்கினால் குவாட் பிட் ஆஃபில் வரும், நிம்மதி.

அப்புறம் அகலம். எஸ்என் என்றால் குறுகிய பாடி, 3.9 மில்லிமீட்டர். எஸ்எஸ் என்றால் 5.3. இந்தப் போர்டின் பேடு குறுகியதற்குத்தான். எஸ்எஸ் வாங்கிவிட்டுக் காலை உள்ளே மடக்கிச் சால்டர் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம் தம்பிகளா, எஸ்என் கேட்டு வாங்குங்கள்.

கழற்ற ஹாட் ஏர் வேண்டும். பக்கத்து மொபைல் கடைச் சேட்டனிடம் இரவல் வாங்கியிருக்கிறேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு “இது சரியாகுமோ?” என்றார். நாமும் “ஆகும் சேட்டா” என்று சொல்லி வைத்திருக்கிறோம். சுற்றிலும் காப்டான் (சூடு தாங்கும்) டேப், ஃபிளக்ஸ், மெதுவான காற்று. புள்ளி இருக்கும் மூலைதான் முதல் கால். வைத்தாயிற்று.

சிப்பை மாட்டும் முன் அது உண்மையானதா என்று பார்த்துவிடுங்கள். சில்லறையில் வரும் சிப்களில் மேல்பூச்சைச் சுரண்டி வேறு பெயர் அடித்தவை உண்டு. சிஎச்341ஏ என்ற யூஎஸ்பி புரோகிராமரில் வைத்து 9எஃப் கட்டளை கொடுத்தால் ஐக்யூ என்று முடியும் க்யூ16க்கு இஎஃப் 40 15, ஐஎம் என்று முடியும் ஜேவிக்கு இஎஃப் 70 15 வர வேண்டும். இஎஃப் என்பது வின்பாண்ட். முதலில் சி8 வந்தால் கிகாடிவைஸ், சி2 என்றால் மாக்ரோனிக்ஸ். அவையும் நல்ல சிப்களே, பெயர் மாற்றி விற்றவரைத்தான் நம்பக்கூடாது. ஐடி சரியாக வந்தாலும் கொள்ளளவைச் சோதியுங்கள்: பூஜ்யத்தில் ஒன்று, நடுவில் வேறொன்று எழுதிப் படித்தால், சின்ன சிப்பாக இருந்தால் நடுவில் எழுதியது பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, கறுப்பு நிற சிஎச்341ஏ போர்டுகளில் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வருவது பிரசித்தம். 3.3 வோல்ட் சிப்புக்கு அது நல்லதல்ல.

பழைய ரவுட்டரில் கழற்றிய சிப் என்றால் பிளாக் புரொடெக்ட் பிட்டுகள் ஆனில் இருக்கலாம். அழிக்கச் சொன்னால் அழித்ததுபோல் காட்டிவிட்டு ஒன்றும் செய்யாது. 05 கொடுத்து ஸ்டேட்டஸைப் படித்து, தேவையானால் 06, அப்புறம் 01, அதன்பின் 00 என்று எழுதித் துடைத்துவிடுங்கள்.

சிஎச்341ஏவிலேயே டிசைனை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆல்டெரா ஒவ்வொரு பைட்டிலும் கடைசி பிட்டை முதலில் எதிர்பார்க்கிறது, ஃபிளாஷ் முதல் பிட்டை முதலில் தருகிறது. குவார்டஸ் தரும் ஆர்பிடி ஃபைலை அப்படியே எழுதினால் வெரிஃபை பாஸ் ஆகும், போர்டு மட்டும் எழாது. ஒவ்வொரு பைட்டையும் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும். பைத்தானில் நாலு வரி. ஜேடேக் என்ற புரோகிராமிங் இணைப்பு வழியாக ஜேஐசி ஏற்றினால் இந்தத் தலைவலி இல்லை, குவார்டஸே பார்த்துக்கொள்ளும்.

மற்ற கம்பெனி போர்டு வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜைலிங்க்ஸ் ஸ்பார்ட்டன் 3இயில் விஎஸ் என்று மூன்று கால்கள், எந்தப் படிக்கும் கட்டளையை அனுப்புவது என்று அவைதான் முடிவு செய்யும், சிப்புக்குத் தக்கபடி கட்டுங்கள். ஆர்ட்டிக்ஸ் 7 35டிக்கு 1,75,36,096 பிட் வேண்டும், 16 மெகாபிட் சிப் கொஞ்சத்தில் தவறிவிடும், 32 வாங்குங்கள். லேட்டிஸ் ஐஸ்40 டிசைனைப் படித்து முடித்ததும் பி9 அனுப்பி ஃபிளாஷைத் தூங்கவைத்துவிடும். அப்போது புரோகிராமரில் ஐடி கேட்டால் பதில் வராது. சிப் போய்விட்டது என்று கழற்றாதீர்கள், முதலில் ஏபி அனுப்பி எழுப்புங்கள்.

விற்பனைக்குச் செய்யும் போர்டு என்றால் மட்டும், அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமே சிப் எடுங்கள், ஒரே ரகமாக இருக்கட்டும். தோப்பில் ஸ்டார்ட்டர் பேனலுக்குள் வைத்த போர்டு நின்றால், விலை குறைந்த சிப் என்று விவசாயி கேட்கமாட்டார், நம்மைத்தான் கேட்பார்.

சரி, ஜேஐசி ஏறி நூறு சதவீதம் வந்துவிட்டது. பவரை எடுத்துப் போடுகிறேன். எல்இடி ஓடுகிறது. தம்பி, உன் போர்டு ரெடி, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள். சிப் மாற்றியது க்யூ16 என்று பின்பக்கம் மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன், அடுத்த முறை குவார்டஸில் இபிசிஎஸ்4 தேர்ந்தெடுத்துவிடாதே.